நொடிக்கா, மணிக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், ‘கரும்புள்ளி இல்லாத நாட்களில் சூரியன் சுழல்வதை அறிய வழியே இல்லை’ என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். படித்துவிட்டு, மேசைமேல் இருக்கும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் என் நிறமாலைமானியை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பாவம், அதற்குப் படிக்கத் தெரியாது.

ஒரு கரும்புள்ளிகூட இல்லாத நாளில்தான் நான் அளந்தேன். சூரிய பிம்பத்தின் கிழக்கு விளிம்பில் கருவியின் பிளவை (ஒளி நுழையும் மெல்லிய இடுக்கை) வைத்துச் சில படங்கள், மேற்கு விளிம்பில் வைத்துச் சில படங்கள். நிறமாலையில் 6302 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்குப் பக்கத்தில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) சூரியனிலுள்ள இரும்பு போடும் கருங்கோடுகள் இரண்டு இருக்கின்றன. அவற்றை ஒட்டியே நம் காற்றிலுள்ள ஆக்சிஜன் போடும் கோடுகள் இரண்டு. ஆக்சிஜன் கோடுகள் அசையவில்லை. இரும்புக் கோடுகள் கிழக்கில் நீலப் பக்கமும் மேற்கில் சிவப்புப் பக்கமும் நகர்ந்திருந்தன; அதாவது கிழக்கு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மேற்கு விளிம்பு விலகிப் போகிறது. மொத்த நகர்வே 0.08 ஆங்ஸ்ட்ராம்தான், என் கேமராவில் இரண்டு பிக்சல்கூடத் தேறாது. படத்துக்கு மேல் படம் எடுத்துச் சராசரி போட்ட பிறகுதான் பிடிபட்டது: விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 கி.மீ. நடுக்கோட்டின் சுற்றளவு சுமார் 44 லட்சம் கி.மீ. வகுத்துப் பாருங்கள், 25 நாள் வரும்.

இது என் கண்டுபிடிப்பில்லை. 1871-லேயே ஜெர்மனியின் வானியலாளர் ஃபோகல் இந்த நகர்வைப் பார்த்துவிட்டார். 1880-களின் கடைசியில் ஸ்வீடனின் டூனர், இதே இரும்புக் கோடுகளை வைத்து 75 டிகிரி அட்சம் வரை அளந்தார். கரும்புள்ளிகள் 40 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். துருவத்துப் பக்கம் ஒரு சுற்றுக்கு 34 நாள் வரை ஆகிறதே, அதைப் புள்ளியை நம்பி எப்படிச் சொல்வது? உங்களுக்குத் தெரியாததா!

சரி, அது போகட்டும். முன்பொரு முறை நிறமாலைப் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, சிவப்பு முனையில் ‘நீலம்’ என்று போட்டீர்கள். அப்புறம், பூமியும் சூரியனைச் சுற்றி நகர்வதால் இங்கிருந்து பார்க்கும்போது வரும் 27 நாளையும், உண்மையான 25 நாளையும் ஒரே பெட்டிச் செய்தியில் காரணம் சொல்லாமல் போட்டீர்கள். விளக்கி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாக்கி, என் ‘நொடிக்கு 2 கி.மீ.’யை ‘மணிக்கு 2 கி.மீ.’ ஆக்கி, கீழே என் பெயரையும் மறக்காமல் போட்டீர்கள். “சூரியனைவிட நான் வேகமாக நடப்பேன் தாத்தா” என்கிறான் பேரன்.

கட்டுரைக்கு மறுப்பெல்லாம் வேண்டாம். ஏதாவது ஒரு மூலையில் ‘மணிக்கு என்பதை நொடிக்கு என்று வாசிக்கவும்’ என ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
சந்தாவை இன்னும் நிறுத்தாத ஒரு வாசகன்