கேப்பிடல் எழுத்து மரியாதைக்காக அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் போட்டித் தேர்வுப் பக்கத்தில் வந்த ஆங்கிலக் குறிப்பில், கவர்ன்மென்ட், கமிட்டி, கார்ப்பரேஷன், போர்டு போன்ற சொற்களை எங்கே எழுதினாலும் முதல் எழுத்தைக் கேப்பிடலில்தான் போட வேண்டும் என்று இருந்தது. அது சரியில்லை. பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் பண்ணிவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. அதனாலோ என்னவோ, கேப்பிடல் போட்டால் மரியாதை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதிய மனு எதையாவது எடுத்துப் பாருங்கள், டிபார்ட்மென்ட், ஆபீஸ், ஏன் அப்ளிகேஷன் வரைக்கும் பெரிய எழுத்தில் நிற்கும். உண்மையில் கேப்பிடல் காட்டுவது அது ஒரு குறிப்பிட்ட அமைப்பின் பெயர் என்பதைத்தான். மதுரை கார்ப்பரேஷன் என்று பெயராகச் சொன்னால் பெரிய ‘சி’. பல கார்ப்பரேஷன்களில் நிதி இல்லை என்று பொதுவாகச் சொன்னால் சின்ன ‘சி’ போதும்.

நம் சட்டங்களிலேயே இதைப் பார்க்கலாம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் ‘பப்ளிக் அத்தாரிட்டி’ சின்ன எழுத்தில்தான் வரும், ஏனென்றால் அதில் எத்தனையோ அலுவலகங்கள் அடங்கும்; மனு வாங்குகிற சென்ட்ரல் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆபீசர் என்ற பதவிப் பெயருக்கோ நான்கு சொல்லிலும் கேப்பிடல். 2013 கம்பெனிகள் சட்டத்தில் கம்பெனி சின்னது, ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) பெரியது. கம்பெனிகள் லட்சக்கணக்கில் உண்டு, அந்தச் சட்டம் சொல்கிற ட்ரிப்யூனல் ஒன்றுதான்.

குழப்பம் வருவது, முழுப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு அப்புறம் வெறும் ‘தி கார்ப்பரேஷன்’ என்று எழுதும்போது. ஒப்பந்தப் பத்திரத்தில் வக்கீல்கள் அதற்கும் கேப்பிடல் போடுவார்கள், பல ஆங்கிலப் பத்திரிகைகள் போடாது. கவர்ன்மென்ட் என்ற சொல்லிலும் இதே கதைதான்: பிரிட்டிஷ் அரசின் இணையதள நடை விதி அதைச் சின்ன எழுத்தில் எழுதச் சொல்கிறது, அமெரிக்க அரசு அச்சகத்தின் கையேடு மத்திய அரசைக் குறித்தால் பெரிய எழுத்து என்கிறது, நம் சட்டங்களும் சென்ட்ரல் கவர்ன்மென்ட் என்பதைப் பெரிய எழுத்தில்தான் எழுதுகின்றன. எதை வேண்டுமானாலும் பின்பற்றட்டும், ஆனால் ஒரே கடிதத்தில் முதல் பத்தியில் ஒரு மாதிரியும் மூன்றாம் பத்தியில் வேறு மாதிரியும் இருக்கக் கூடாது.

அந்தக் குறிப்பை அடுத்த வாரமே திருத்திப் போடுங்கள், முடிந்தால் சரியாக எழுதிய ஒரு மாதிரிக் கடிதத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்