ஜாக் டன்னுக்காக நாலு வார்த்தை

ஐயா,

அமெரிக்க பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்தொன்பது வயதுப் பையனின் அருமை தெரியாமல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் முதலாளி ஜாக் டன் அவரை விற்றுவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். டன் பாவம். எங்கள் ஊர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) கால்பந்து கமிட்டிக்கு டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவன் நான். அவருக்காக நாலு வார்த்தை பேசியே ஆக வேண்டும்.

டன்னின் ஓரியோல்ஸ், இன்டர்நேஷனல் லீக் என்ற மைனர் லீக்கில், அதாவது உச்சியிலுள்ள மேஜர் லீக்குகளுக்குக் கீழ்ப்படியில், ஆடிய அணி. 1914-இல் ஃபெடரல் லீக் என்று புதிதாக ஒன்று கிளம்பி, தானும் மேஜர் லீக்தான் என்று சொல்லிக்கொண்டு, ஓரியோல்ஸ் மைதானத்துக்கு எதிர்ச்சாரியிலேயே மைதானம் கட்டியது. ஏப்ரல் 13 அங்கே தொடக்க ஆட்டம். கிட்டத்தட்ட 30,000 பேர். அன்றைக்கே டன், மேஜர் லீக் அணியான நியூயார்க் ஜயன்ட்ஸையே காட்சி ஆட்டத்துக்கு வரவழைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் ஆயிரம் பேர் வரைதான். இத்தனைக்கும் ஓரியோல்ஸ் ஜூலைத் தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்தது! ஜெயிக்கிற அணிக்குச் சம்பளம் கொடுக்கக் கல்லாவில் காசில்லை. ரூத், எர்னி ஷோர், பென் ஈகன் மூவரையும் பாஸ்டன் அணிக்கு விற்றார். மற்ற நல்ல ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராய்ப் போனார்கள். அடுத்த வருஷம் அணியையே ரிச்மண்டுக்குக் கொண்டுபோனார். ஃபெடரல் லீக்காவது பிழைத்ததா? 1915-உடன் அதுவும் கடையைக் கட்டியது. டன் 1916-இல் பால்டிமோருக்குத் திரும்பி, எதிராளி கட்டிய அதே மைதானத்தில் ஆடவைத்தார். 1919 முதல் 1925 வரை தொடர்ந்து ஏழு பட்டம். ஆட்டக்காரனின் அருமை தெரியாதவர் செய்கிற காரியமா இது?

எங்கள் கதையும் அதேதான். இந்த சீசனில், தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்து கமிட்டி ஒன்று, எங்கள் அரையிறுதி வாரத்திலேயே ராத்திரி ஆட்டம் வைத்தது. ஃபிளட்லைட், இலவச நுழைவு, பிரியாணி வேறு. எங்கள் பாக்குமர கேலரி காலி. கேலரி கட்டினவருக்கு இன்னும் பாக்கி. நாங்கள் வளர்த்த கோல்கீப்பர் மலப்புறத்து டீமுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அந்தக் கமிட்டிக்கும் கையைக் கடித்ததாகத்தான் கேள்வி.

அடுத்த சீசனுக்கு முன்பாக இரண்டு பக்கத்தாரும் ஒருதரம் உட்கார்ந்து தேதியைப் பிரித்துக்கொள்ளலாமே. செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் வருகிறோம். டீச் செலவு எங்களுடையது. பிரியாணி மட்டும் முடியாது.

செவன்ஸ் கமிட்டிக்காரர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை