பள்ளி வைஃபையும் உங்கள் போனும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளியின் ஐடி கிளப்பான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் பள்ளி வைஃபையைக் கண்காணிக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைகள் அடங்கிய சிறு நிரல், எழுதியிருக்கிறார்கள். இந்தச் செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது. "எங்க போன்ல இருக்கிற போட்டோவெல்லாம் தெரியுமாமே, சார்?" என்று அலுவலகத்துக்கே வந்து கேட்டார்கள். தெரியாது. எது தெரியும், எது தெரியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வகுப்பில் பாட வீடியோ பாதியில் நிற்பது அடிக்கடி நடந்தது. மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் போன் ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். அதனால் பள்ளிக்கு வருகிறவர்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்பது வழக்கம்தான். ஒருவருக்குக் கொடுத்தது பத்துப் பேருக்குப் போய், மதிலுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர் வரை பரவிவிட்டது. இணைப்பில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டுமே!

இதற்கென்று விலைக்கு மென்பொருள் கிடைக்கும். நான் வேண்டாம் என்றேன். பள்ளி லேப்டாப்களில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தந்த லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. கட்டளைகளைத் தட்டி ஓட்டும் 'ஷெல்' அதிலேயே இருக்கிறது. இருபது வரியில் முடிகிற வேலையைப் பிள்ளைகளே எழுதினால், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களிடம் அவர்களால் சொல்ல முடியும். வாங்கிய மென்பொருளில் அது நடக்காது.

வேலை இதுதான். நம் நெட்வொர்க்கில் கருவிகளுக்கு 192.168.1.1 முதல் 192.168.1.254 வரை எண் முகவரிகள் உண்டு. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு எண்ணையும் 'பிங்' கட்டளையால் கூப்பிடுகிறது, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல. பதில் வராத எண்ணுக்கு ஒரு நொடி காத்திருக்கும். வரிசையாகப் போனால் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் ஆகும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிங் வரியின் கடைசியில் '&' குறி போட்டாள். எல்லா அழைப்புகளும் ஒரே நேரத்தில் கிளம்பி, சில நொடிகளில் சுற்று முடிந்துவிட்டது. அன்று லேபில் எழுந்த கைதட்டல் என் அறை வரை கேட்டது!

அப்புறம் ஒரு சிக்கல். விண்டோஸ் கணினிகள் பலவும், தூங்கும் போன்கள் சிலவும் பிங்குக்கு வாய் திறப்பதில்லை. ஆனால் நெட்வொர்க்கில் இருக்க வேண்டுமானால், "இந்த எண் யாருடையது?" என்ற ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்கள் லேப்டாப்பில் ஓர் அட்டவணையாகச் சேர்கின்றன. ஸ்கிரிப்ட் அதைப் படித்து, ஒவ்வொரு கருவியின் மேக் முகவரியையும், அதாவது பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளத்தையும், நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதுகிறது. பள்ளிக் கருவிகளின் பட்டியலில் இல்லாதவை தனியே விழும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் 'கிரான்' என்ற லினக்ஸ் வசதி இதைத் தானாக ஓட்டுகிறது.

அவ்வளவுதான். நீங்கள் பார்க்கும் வீடியோ, வாட்ஸப் செய்தி, போட்டோ, பெயர், போன் நம்பர் எதுவும் அதில் இல்லை. கோப்பு வெள்ளிக்கிழமைதோறும் அழிக்கப்படும்.

பிள்ளைகளுக்கு நான் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று உங்களுக்கும் தெரியட்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல், போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. அதன் இரண்டாவது இடத்தில் 2, 6, A, E இவற்றில் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் அப்படி உண்டாக்கியதுதான். ஆகவே 'தெரியாத கருவி' என்று விழுவது ஆசிரியரின் புதுப் போனாகவும் இருக்கலாம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் "நீதானே?" என்று கேட்கக் கூடாது. எத்தனை கருவிகள், எந்த நேரத்தில் கூடுகின்றன என்பதற்கு மட்டும்தான் அது.

வீட்டிலும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று பிள்ளை கேட்டால், உங்கள் வீட்டு வைஃபை என்றால் சரி, விடுங்கள். ரூட்டரின் பழைய பாஸ்வேர்டை மாற்றவும் அவர்களையே செய்யச் சொல்லலாம். பக்கத்து வீடு, பேக்கரி, அரசு இ-சேவை தரும் அக்ஷயா மையம் இங்கெல்லாம் வேண்டாம். அனுமதியில்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். விளையாட்டுக்குச் செய்தேன் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் கேட்க மாட்டார்கள்.

வரும் திங்கள் காலை பள்ளி பாஸ்வேர்டு மாறுகிறது. உங்கள் போனில் பழைய இணைப்பை 'மறந்துவிடு' என்று அழுத்தி நீக்கிவிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பம் போன்ற வேலைக்கு இணையம் வேண்டுமென்றால் அலுவலகக் கணினியில் செய்து தருவோம். புதிய பாஸ்வேர்டை மட்டும் கேட்காதீர்கள், எனக்கும் சொல்லவில்லை, லேப் ஆசிரியையிடம்தான் இருக்கிறது.

வெள்ளி மாலை 3.30-க்கு லேபில் பிள்ளைகள் ஓட்டிக் காட்டுவார்கள். தமிழிலும் மலையாளத்திலும் கேளுங்கள், பதில் சொல்வார்கள். தோட்ட வேலையோ பொள்ளாச்சிப் பக்கம் வேலையோ முடித்துத் தாமதமாக வருகிறவர்களுக்காக 5 மணி வரை லேப் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்