கிணற்றுக் கணக்கு எங்கே போனது? தரவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஆய்வுத் தரவுகளை வைக்க நம் பல்கலைக்கழகமே சொந்தமாக ஒரு களஞ்சியம் கட்ட, டெண்டர் விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் பழைய மாணவன் ஒருவனின் புலம்பலைக் கேட்டுவிடுங்கள்.

முனைவர் பட்டத்துக்காக சிவகங்கைப் பக்கம் நாற்பது கிணறுகளில் மாதாமாதம் நீர்மட்டம் அளந்தேன். எல்லாம் பல்கலைக்கழக மெயிலோடு வந்த டிரைவில் கிடந்தது. இடம் போதவில்லை என்று படித்து முடித்தவர்களின் கணக்குகளை ஒருநாள் மூடிவிட்டார்கள். எச்சரிக்கை அந்த மெயிலுக்கே வந்ததாம். நான் அதைத் திறந்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது சராசரிகள்தான்.

மிஞ்சியது பென்டிரைவில் ஓர் எக்ஸெல் கோப்பு. ‘ஃபைனல்_புதுசு2’ என்று பெயர். அதில் ‘ஆழம்’ என்றொரு நெடுவரிசை. தரைமட்டத்திலிருந்து அளந்ததா, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்தா? கயிறு விட்ட எனக்கே இப்போது தெரியவில்லை. சுவர் இரண்டரை அடி. சில கிணறுகளில் கோடையில் ஒரு மாதத்துக்கு இறங்குகிற தண்ணீரே அவ்வளவுதான்.

இது என் ஒருவனின் கூத்து இல்லை. 516 ஆய்வுக் கட்டுரைகளின் தரவை, அவற்றை எழுதியவர்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வொன்று 2014-இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வந்தது. கட்டுரைக்கு ஒரு வயது ஏற ஏற, தரவு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைகிறதாம்.

அதனால் சொந்த சர்வர் வேண்டாம் என்பேன். திறப்பு விழா நன்றாகத்தான் நடக்கும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிற வருஷம், டொமைனைப் புதுப்பிக்க மறக்கிற வருஷம் யார் பார்ப்பது? இணையத்தில் கோப்பைக் கண்டுபிடிக்க உதவும் நிலையான அடையாளமான டிஓஐ எண் வாங்கிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அது வழிகாட்டிப் பலகை மட்டும்தான். கோப்பு இடம் மாறினால் பலகையை யாராவது திருப்பி வைக்க வேண்டும்.

ஸெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தை 2013 முதல் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்துகிறது. காசில்லை. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம், டிஓஐ கிடைக்கும், திருத்தி மறுபடி ஏற்றினால் பழைய பதிப்பும் அப்படியே நிற்கும். விவசாயிகளின் பெயர், சர்வே எண் உள்ள கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு விவரக் குறிப்பை மட்டும் பொதுவில் காட்டலாம். மரபணு வரிசை என்றால் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையமே இருக்கிறது. மற்ற துறைகளுக்கு, உலகத் தரவுக் களஞ்சியங்களைத் தொகுத்திருக்கும் ரீ3டேட்டா பட்டியலில் தேடினால் அகப்படும். இல்லை, நம் பெயரில்தான் வேண்டும் என்றால் களஞ்சியம் அமைக்க உதவும் ஹார்வர்டின் டேட்டாவர்ஸ் மென்பொருள் இலவசம். செலவு மென்பொருளில் இல்லை, ஆளில் இருக்கிறது. டெண்டர் பணத்தில் நூலகத்தில் ஒரு நிரந்தரப் பணியிடம் போடுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முன் தரவை ஏற்றிய இணைப்பைக் கேளுங்கள். கூடவே எந்த நெடுவரிசை எந்த அலகில், எங்கிருந்து அளந்தது என்று ஒரு பக்கக் குறிப்பும்.

என் கோப்பை இந்த வாரம் ஸெனோடோவில் ஏற்றுகிறேன். குறிப்பில் ‘ஆழம்: மீட்டரில், எங்கிருந்து அளந்தது என்பது தெரியவில்லை’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வு மாணவன்