எந்த மூன்று மணி நேரம்?

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் அண்ணனுக்குச் சிபாப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி) எழுதிக்கொடுத்த கையோடு, அதைச் சோதித்த சேவ் ஆய்வையும் தேடிப் படித்துவிட்டாய். "அதில் தோற்றுப்போன கருவியை எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. தோற்றது கருவிதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

2016-இல் வந்த அந்த ஆய்வில் 2,717 பேர். எல்லோருக்கும் ஏற்கெனவே இதயநோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்தது. சராசரியாக 3.7 வருடம் பார்த்தும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதுவும் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் ஓர் இரவுக்கு மாஸ்க் முகத்தில் இருந்தது சராசரியாக 3.3 மணி நேரம்தான். பகலில் கடுமையாகத் தூங்கி வழிபவர்களைச் சேர்க்கவே இல்லை.

அது எந்த 3.3 மணி என்பதுதான் விஷயம். பெரும்பாலானவர்கள் படுக்கும்போது மாட்டுவார்கள், நடுராத்திரி கழற்றி வைப்பார்கள். கனவுத் தூக்கமோ விடியற்காலையில்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசை தளர்ந்துவிடுவதால் மூச்சுத்தடை நீளும், ஆக்சிஜனும் ஆழமாக இறங்கும். ரத்த அழுத்தத்தோடு அதிகம் ஒட்டி வருவதும் இந்த நேரத்துத் தடைகள்தான் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் தூக்க ஆய்வு காட்டியது. மோசமான நேரத்தில் கருவி மேசையில் கிடந்தால் பலன் எங்கிருந்து வரும்?

ஏ.எச்.ஐ. எண்ணையும், அதாவது தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கையும், அப்படியே நம்பாதே. பத்து விநாடி மூச்சு நின்றாலும் ஒன்று, நாற்பது விநாடி நின்று ரத்த ஆக்சிஜன் 95 சதவீதத்திலிருந்து 78-க்கு விழுந்தாலும் ஒன்று. இரண்டும் ஒரே கணக்கா? எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்று சேர்த்து அளக்கும் 'ஆக்சிஜன் குறைவுச் சுமை'தான் இதயநோய் மரணத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனையில் இன்னொரு வில்லங்கம்: பெரும்பாலும் மூளை அலை பதிவாகாது, அதனால் எப்போது தூங்கினார் என்று தெரியாது. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண் குறைவாகக் காட்டும்.

அண்ணன் மாஸ்கைப் பிடுங்கிப் போடும் பிரச்சினைக்கு வருகிறேன். உட்கார்ந்தபடி மாஸ்க் அளவு பார்த்திருப்பார்கள். படுத்து, முழு அழுத்தத்தில் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் புரண்டு பார்க்கச் சொல். கசிகிறது என்று வாரை இறுக்கினால் குஷன் நசுங்கி இன்னும் கசியும். முகத்து எண்ணெய் படிந்தாலும் கசியும், தினமும் மிதமான சோப்பில் கழுவட்டும். வாய் வறண்டால் உடனே வாயையும் மூடும் பெரிய மாஸ்குக்குத் தாவ வேண்டாம். அது தாடையைப் பின்னால் தள்ளுவதால் பலருக்கு அழுத்தத்தைக் கூட்ட வேண்டி வருகிறது. முதலில் மூக்கடைப்பைக் கவனித்து, ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் குழாயை மட்டும் கழற்றட்டும். மாஸ்கையே கழற்றினால் மறுபடி மாட்ட மாட்டார்.

எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தாய். உடல்பருமனோடு மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. எடை இறங்க மாதக்கணக்காகும், அதுவரை மாஸ்கை விட முடியாது.

அண்ணனின் தூக்கப் பரிசோதனை அறிக்கையை அனுப்பும்போது கடைசிப் பக்கம் மட்டும் போதாது. ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம், கனவுத் தூக்கத்தின் ஏ.எச்.ஐ. தனியாக இருக்கிறதா, கருவியின் பதிவில் தினமும் எத்தனை மணிக்குக் கழற்றுகிறார் என்பவற்றையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
கண்ணன்