பாக்கெட்டின் பின்பக்கத்தையும் தமிழில் போடுங்கள்: ஒரு மளிகைக் கடைக்காரரின் திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். 22 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் விலையையும் தேதியையும் மட்டும்தான் பார்ப்பார்கள். இப்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, புரியாமல் என்னிடம் நீட்டுகிறார்கள்.

போன வாரம் ஓர் அம்மா பேரனோடு வந்தார். சிப்ஸ் பாக்கெட்டைத் தராசு பக்கத்தில் வைத்து, "அண்ணாச்சி, இதுல பன்னிக் கொழுப்பு இருக்காமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றார். செல்போன் டார்ச்சை அடித்துப் படித்தேன். சுவைகூட்டி 627, 631 என்று ஆங்கிலத்தில் இருந்தது. 631 கொழுப்பே இல்லை, ஒருவகை உப்பு. மரவள்ளி மாவைப் புளிக்கவைத்தும் எடுப்பார்கள், இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுப்பார்கள். இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுத்ததாக இருந்தால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் போட்டாக வேண்டும், இதில் பச்சைப் புள்ளிதான் இருக்கிறது என்று விளக்கினேன். அந்த அம்மா பாதிதான் நம்பினார். சிப்ஸை வைத்துவிட்டு, கண்ணாடி ஜாடியிலிருந்து கால் கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு போனார். அந்த முறுக்குக்கு லேபிளே கிடையாது. எந்த எண்ணெயில் சுட்டது என்று எனக்கே தெரியாது.

இந்தப் பயத்துக்கு நான் அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் நம்பரைக் கொடுத்தால் அதற்கு யார் வேண்டுமானாலும் ஒரு கதை கட்டலாம்.

உணவில் சேர்க்கிற பொருள்களுக்குப் போடும் இந்த ஐ.என்.எஸ். எண்கள் எதையோ மறைக்கக் கண்டுபிடித்த சங்கேதம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பு போட்ட வரிசை அது. ஐரோப்பாவில் பெரும்பாலும் இதே எண்ணுக்கு முன்னால் 'இ' போடுகிறார்கள். பல எண்கள் நம் அடுக்களையிலேயே இருக்கின்றன. 500(ii) என்பது நான் பொட்டலம் கட்டி விற்கிற சோடா உப்பு. 100 மஞ்சளிலிருந்து எடுத்த நிறம். 260 வினிகரின் புளிப்பு, 330 எலுமிச்சையின் புளிப்பு. எனக்கு ரொம்பப் பிடித்தது 412. ஐஸ்கிரீமைக் கெட்டியாக வைக்கிற அந்தப் பிசின் கொத்தவரை விதையிலிருந்து வருகிறது. ஐஸ்கிரீமில் கொத்தவரங்காயா என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பயப்படுவதற்கு அது எவ்வளவோ மேல்.

பெருங்காய டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'கூட்டுப் பெருங்காயம்' என்று பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே வேல மரத்துப் பிசின், அதாவது 414. கூடவே கோதுமை மாவு அல்லது அரிசி மாவு. ரசத்துக்கு ஒரு சிட்டிகை போடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. டாக்டர் கோதுமையே கூடாது என்று சொன்ன பிள்ளையின் அம்மாவுக்கு இது பெரிய விஷயம். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் அவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

எல்லா எண்ணும் சாது என்றும் நான் சொல்லவில்லை. நீங்கள் அனுமதித்திருக்கும் செயற்கை நிறங்கள் 8. அவற்றில் 102, 110, 122, 124 ஆகிய நாலில் ஏதாவது ஒன்று கலந்த தின்பண்டங்களில்கூட, 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்று 2010 முதல் ஐரோப்பாவில் அச்சிட்டாக வேண்டும். 2007-ல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுக்குப் பிறகு வந்த விதி அது. அந்த ஆய்வின் சான்று குறைவு என்று ஐரோப்பிய நிபுணர்களே சொன்னார்கள். இருந்தாலும் விஷயத்தைச் சொல்லிவிட்டு முடிவை வாங்குகிறவரிடம் விட்டார்கள். நம் மிட்டாய்ப் பாக்கெட்டில் 'அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம்' என்று பெயரோ எண்ணோ சேர்த்து ஆங்கிலத்தில் போட்டால் போதும். அப்புறம், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பஞ்சுமிட்டாய் ஞாபகம் இருக்கும். அதிலிருந்த ரோடமின்-பி எந்தப் பாக்கெட்டிலும் எண்ணாக வந்ததில்லை. அது உணவில் சேர்க்கவே கூடாத சாயம்.

இன்னொரு வித்தையும் உண்டு. எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது உங்கள் விதி. நல்ல விதிதான். ஆனால் சீனி, குளுக்கோஸ் பாகு, இன்வெர்ட் சிரப் என்று இனிப்பை மூன்று பெயராகப் பிரித்துவிட்டால், மொத்தத்தில் அதிகமாக இருந்தாலும் அது முதலிடத்துக்கு வராமல் போகலாம். ஊட்டச்சத்துக் கட்டத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். அந்தக் கட்டமும் ஆங்கிலத்தில்தான்.

நான் கேட்பது இதுதான். உங்கள் 2020 லேபிள் விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி இந்தியில் இருக்க வேண்டும். வேறு மொழியைக் கம்பெனி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். விரும்பினால்! என் கடைக்கு வருகிறவர்களில் தேவநாகரி படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாட்டில் விற்கிற பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் தமிழிலும் இருக்க வேண்டும் என்று விதியை மாற்றுங்கள். அதேபோல, சேர்க்கைப் பொருளுக்குப் பெயர் அல்லது எண், ஏதாவது ஒன்று போதும் என்று இருப்பதை இரண்டும் வேண்டும் என்று ஆக்குங்கள். பாக்கெட்டை ஒட்டுகிற மடிப்புக்குள் பட்டியல் போய் ஒளிந்துகொள்வதையும் ஒரு கண் பாருங்கள். சில பாக்கெட்டைக் கிழித்தால்தான் கடைசி வரி தெரிகிறது, கிழித்த பாக்கெட்டை நான் யாரிடம் விற்பேன்?

இடமில்லை என்று கம்பெனிகள் சொல்வார்கள். பெயரை முன்பக்கம் தமிழில் கொட்டை எழுத்தில் போட இடம் இருக்கிறது. இலவச ஸ்பூன் படத்துக்கும் இடம் இருக்கிறது.

அதுவரைக்கும் கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். சோப்புப் பெட்டியைக் கிழித்த அட்டைதான். இதுவரை 31 எண்கள், எதிரே தமிழில் பெயர், எதிலிருந்து வருகிறது என்று ஒரு வரி. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைக்கிற 471-க்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், தாவர எண்ணெயிலும் செய்கிறார்கள், விலங்குக் கொழுப்பிலும் செய்கிறார்கள். அட்டையைப் படம் எடுத்து இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்