செயலாளரின் ஆண்டறிக்கை 2024: வைட் தீவுச் சுற்றுலாவும் பிற பணிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழரான நமது சங்கத்தின் செயற்குழு 2024இல் ஆறு தடவை கூடியது. தைப்பொங்கல் விழாவும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பரிசளிப்பும், கோடைகால விளையாட்டுப் போட்டியும் குறைவின்றி நடந்தேறின. மண்டபம் கிடைக்காததால் நவராத்திரி நிகழ்வை ஒரே நாளாகச் சுருக்க நேர்ந்தது. அடுத்த நவராத்திரிக்கான மண்டபத்தை இப்போதே பதிவு செய்துவிட்டோம். வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தமது அறிக்கையில் தருவார். நம்மைவிட்டுப் பிரிந்த இரு மூத்த உறுப்பினர்களின் குடும்பத்தினருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்களை இங்கே மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எஞ்சிய அறிக்கையைச் செப்டெம்பர் மாதத்தில் நாம் மேற்கொண்ட வைட் தீவுச் சுற்றுலாவுக்கே ஒதுக்குகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் மிக நீண்ட விவாதம் நடந்தது இதைப்பற்றித்தான். ஒவ்வோர் ஆண்டும் போல் சோற்றுப்பொதி கட்டிக்கொண்டு ஒருநாள் கடற்கரைக்குப் போய்வந்தால் போதாதா, இரண்டு இரவு தங்குவதும் பணம் கொடுத்து வழிகாட்டி அமர்த்துவதும் தேவைதானா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கோடு மட்டுமல்லாமல் கண்டதைச் சொல்லியும் பதில் தரவேண்டியது செயலாளரின் கடமை என்று கருதுகிறேன்.

மொத்தம் 38 பேர் சென்றோம். அவர்களில் பதினொருவர் எழுபது வயதைக் கடந்தவர்கள். ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். வெள்ளிக்கிழமை காலை போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் எங்கள் கோச் பேருந்து அப்படியே கப்பலுக்குள் ஏறியது. ஃபிஷ்போர்ன் துறைக்கு முக்கால் மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்துக் குறிகாட்டுவான் துறையில் படகேறிப் பழகிய மூத்தவர்கள் உள்ளே இருக்க மனமில்லாமல் மேல்தளத்துக்கு வந்துவிட்டார்கள். சொலன்ட் நீரிணையின் காற்று குளிராகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் கீழே இறங்கவில்லை.

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் ஏறக்குறைய 380 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் தீவு இது. 2019இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. எங்கள் வழிகாட்டி தீவிலேயே பிறந்து வளர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை. துறையில் எங்களை வரவேற்றதும் அவர் முதலில் பேசியது அரண்மனைகளைப் பற்றி அல்ல, அணில்களைப் பற்றி. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சாம்பல் அணில்கள் பெருகியதால் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் செவ்வணில்கள் அழிந்துவிட்டன. இடையில் கடல் இருப்பதால் இந்தத் தீவில் அவை பிழைத்திருக்கின்றன. மூன்று நாளும் பிள்ளைகள் மரக்கிளைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கடைசி நாள் காலையில் ஒன்றைக் கண்டும்விட்டார்கள்.

முதல் நாள் ஒஸ்போர்ன் மாளிகை. விக்டோரியா மகாராணியும் கணவர் அல்பேர்ட்டும் 1845இல் இந்த நிலத்தை வாங்கினார்கள். பழைய வீட்டை நீக்கி, இத்தாலியப் பாணியில் இரு கோபுரங்களோடு புதிய மாளிகை எழுப்பினார்கள். இங்கிருந்து தெரியும் கடல் அல்பேர்ட்டுக்கு நேப்பிள்ஸ் விரிகுடாவை நினைவூட்டியதாம். மகாராணி 1901 ஜனவரி 22ஆம் திகதி உயிர்நீத்த படுக்கையறையும் இங்கேதான் இருக்கிறது.

நம்மவர்களை அதிக நேரம் நிறுத்திவைத்தது தர்பார் மண்டபம். லாகூரின் மேயோ கலைப் பாடசாலையைச் சேர்ந்த பாய் ராம் சிங் என்ற கைவினைஞர் 1890ஐ அடுத்த ஆண்டுகளில் இதன் அலங்காரத்தை வடிவமைத்தார். சுவரும் கூரையும் வெண்ணிறச் சுதை வேலை. கணப்படுப்புக்கு மேலே தோகை விரித்த மயில். மகாராணி இந்தியாவுக்கு ஒருநாளும் போனதில்லை. போகாத நாட்டின் ஒரு மண்டபத்தைத் தன் வீட்டோடு கட்டிக்கொண்டார். மண்டபத்துக்குச் செல்லும் நடைவழியில் ருடோல்ஃப் சுவபோடா என்ற ஓவியர் வரைந்த இந்திய மக்களின் முகங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அரசர்கள் மட்டுமல்ல, நெசவாளர், குயவர் போன்ற சாதாரண மனிதர்களும் அங்கே இருக்கிறார்கள். மகாராணிக்கு இந்துஸ்தானி கற்பித்த அப்துல் கரீமின் படமும் உண்டு. மகாராணி மறைந்ததும் கரீமிடமிருந்த கடிதங்கள் எரிக்கப்பட்டு அவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதை வழிகாட்டி ஒளிக்காமல் சொன்னார். சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பை வாசித்து நகர்ந்திருந்தால், அந்த ஓவியங்களுக்கு முன் நாற்பது நிமிடம் நின்றிருக்கமாட்டோம்.

தோட்டத்துக் கோடியில் உள்ள சுவிஸ் குடில் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. அரச பிள்ளைகள் அங்கே சமைக்கவும் மரக்கறி பயிரிடவும் பழகினார்கள். விளைந்ததைத் தகப்பனார் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்வாராம். அவரவர் பெயரின் முதலெழுத்துப் பொறித்த சிறிய தள்ளுவண்டிகள் இன்னமும் இருக்கின்றன.

அன்றிரவு ஷாங்க்ளின் நகரத்தில் தங்கினோம். ஹோட்டலில் ஒரு குறை நேர்ந்தது. மரக்கறி உணவு உண்போர் ஒன்பது பேர் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தும், அவித்த உருளைக்கிழங்கும் சலாதும்தான் மேசைக்கு வந்தன. நான் அதை எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். அந்த ஒன்பது பேரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். மறுநாள் நம் மகளிர் அணியினர் இருவர் சமையற்காரரிடம் நேரில் பேசியதும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சோறும் வந்தன. இனிமேல் உணவு ஏற்பாடு மகளிர் அணியிடமே இருக்கும்.

சனிக்கிழமை தீவின் மேற்குக் கோடிக்குப் போனோம். வெண்சுண்ணப் பாறைகள் மூன்று கடலுக்குள் வரிசையாக நிற்கும் இடம். ‘ஊசிகள்’ என்று பெயர். பார்த்தால் எதுவும் ஊசிபோல் இல்லை. ஊசிபோல் உயர்ந்து நின்ற நான்காவது பாறை 1764இல் ஒரு புயலில் விழுந்துவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. கடைசிப் பாறையின் அடியில் 1859இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. பக்கத்திலுள்ள ஆலம் குடாவில் மலைச்சரிவு மஞ்சள், காவி, சிவப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாகத் தெரிகிறது. கடலடியில் படுக்கையாகப் படிந்த மணல் அடுக்குகள் நிலமடிப்பில் செங்குத்தாக நிமிர்ந்ததே இதற்குக் காரணம். கீழே இறங்கும் கம்பித்தொங்கு நாற்காலிச் சேவை பலத்த காற்றினால் அன்று நிறுத்தப்பட்டிருந்தது. படிகளில் இறங்க இயலாத மூத்தவர்களோடு வழிகாட்டியும் மேலேயே இருந்துவிட்டார். அவர்களுக்கு மார்க்கோனியின் நினைவுத்தூணைக் காட்டி, 1897இல் இங்கிருந்த ஹோட்டல் ஒன்றில் கம்பியில்லாத் தந்தி நிலையம் அமைத்து, கடலில் செல்லும் கப்பல்களோடு அவர் தொடர்புகொண்ட கதையைச் சொல்லியிருக்கிறார். படியிறங்கிப் போன நாங்கள் அதைத் தவறவிட்டோம்!

அதே மேட்டில்தான் பிரித்தானியாவின் பிளாக் அரோ ரொக்கெட்டின் இயந்திரங்களைச் சோதித்தார்கள். பிரித்தானிய ரொக்கெட்டில் போய்ச் சுற்றுப்பாதையை அடைந்த ஒரே செய்மதி, 1971இல் அவுஸ்திரேலியாவிலிருந்து அதில்தான் ஏவப்பட்டது. ஏவுவதற்கு முன்பே அந்தத் திட்டத்தை மூட அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது. நமது பொறியியலாளர் உறுப்பினர்கள் இருவர் அந்தக் கொங்கிரீட் மேடையை விட்டு வர மறுத்ததால் கோச் 20 நிமிடம் தாமதமானது.

இனி நான் சொல்லப்போவதுதான் இப்பயணத்தின் உயிர். பிற்பகல் ஃபிரெஷ்வாட்டர் குடாவுக்கு அருகே ஒரு வீட்டின் முன் கோச் நின்றது. பெயர் டிம்போலா. பின்னிருக்கைகளில் சட்டென்று பேச்சு நின்றது. “எங்கள் திம்புள்ளயா?” என்று ஒருவர் கேட்டார். ஆம், அதே திம்புள்ளதான். இலங்கை மலைநாட்டில் தங்களுக்கிருந்த கோப்பித் தோட்டத்தின் பெயரையே அந்தக் குடும்பம் இந்த வீட்டுக்கு வைத்திருக்கிறது.

வீட்டுக்காரி ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு படம்பிடிக்கத் தொடங்கினார். கரி வைக்கும் அறை இருட்டறையானது. கோழிக்கூடு படம்பிடிக்கும் கண்ணாடி மனையானது. பக்கத்து வீட்டுக் கவிஞர் டெனிசனையும், விடுமுறைக்கு வந்த சார்ள்ஸ் டார்வினையும், தன் வீட்டுப் பணிப்பெண்களையும் ஒரே அக்கறையோடு படம் எடுத்தார். உருவம் தெளிவாக விழவில்லை என்று அக்காலத்தவர்கள் குறை சொன்ன அதே படங்களைத்தான் இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கின்றன.

அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். இலங்கையில் பாடசாலைக்குப் போனவர் எவரும் இப்பெயரை மறக்கமுடியாது. இலங்கை நிருவாகத்தை ஆராயப் பிரித்தானிய ஆட்சி அமைத்த கோல்புரூக்–கமரன் ஆணைக்குழு என்று பரீட்சைக்கு மனனம் செய்த அந்தக் கமரன் இவர்தான். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியமுறை ஒழிந்ததும், கண்டிப் பிரதேசமும் கரையோரமும் ஒரே நிருவாகத்தில் இணைந்ததும், நாடு ஐந்து மாகாணங்களானதும், 1833இல் சட்டநிரூபண சபை வந்ததும் அந்த ஆணைக்குழுவின் விளைவுகள். ஓய்வுபெற்ற நமது வரலாற்று ஆசிரியர் ஐயா அந்தக் கூடத்திலேயே நின்று, அந்த இணைப்பு வடக்குக்கும் கிழக்குக்கும் என்ன செய்தது என்று விளக்கத் தொடங்கினார். மறுத்தும் பேசினார்கள். அந்த விவாதம் இரவு உணவு மேசைவரை தொடர்ந்தது. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அதைக் கைத்தொலைபேசியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

1875இல் இருவரும் இலங்கைக்கே போய்விட்டார்கள். தங்கள் சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு சென்றதாகச் சொல்லப்படுகிறது. அதற்குள் இலைநோய் கோப்பியைத் தின்னத் தொடங்கியிருந்தது. களுத்துறையில் ஜூலியா எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. டெனிசன் படத்துக்குக் கீழே டெனிசன் என்றிருக்கிறது. டார்வின் படத்துக்குக் கீழே டார்வின் என்றிருக்கிறது. களுத்துறைப் படத்துக்குக் கீழே குடியானவர் கூட்டம் என்றுதான் இருக்கிறது. அந்த மனிதர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. இதை எண்ணி எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் ஜூலியா இறந்தார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். இருவரையும் பொகவந்தலாவை மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, சக்கர நாற்காலியில் இருந்த நமது மூத்த அங்கத்தவர் அம்மா கையை உயர்த்தினார். அவர் பிறந்தது பொகவந்தலாவைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அந்தத் தேவாலயத்து மதிலோரம் சிறுவயதில் விளையாடியிருக்கிறார். வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளைக் கண்டிருக்கிறார். யாருடையவை என்று மட்டும் தெரியாது. மலைப்பாதை, மழைக்காலத்து மூட்டம், தேவாலயத்தைச் சுற்றிய மரங்கள் என்று அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். வழிகாட்டி தமது குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். 38 பேரில் மலையகத்தில் பிறந்தவர் அவர் ஒருவர்தான். பல ஆண்டுகளாக நம் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்து போகிறவர். அவருடைய ஊரைப் பற்றி நாம் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை என்பதையும் இவ்வறிக்கையில் எழுதிவைக்கிறேன்.

ஞாயிறு காலை கரிஸ்புரூக் கோட்டை. முதலாம் சார்ள்ஸ் மன்னன் 1647 நவம்பர் முதல் 1648 செப்டெம்பர் வரை இங்கே சிறையிருந்தான். தப்பியோட முயன்றபோது சாளரக் கம்பிகளுக்கிடையில் சிக்கிக்கொண்டான். 1649 ஜனவரியில் இலண்டனில் அவன் தலை வெட்டப்பட்டது. அவனுடைய மகள் எலிசபெத் மறு ஆண்டு பதினான்கே வயதில் இதே கோட்டையில் இறந்தாள். இந்தச் சோகத்துக்குப் பிறகு கழுதைகளைப் பார்த்தது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. ஆழக்கிணற்றில் நீர் இறைக்கும் பெரிய மரச் சக்கரத்துக்குள் கழுதை நடக்கிறது. இப்போது காட்சிக்காகச் சில நிமிடம் மட்டும். மாலைக் கப்பலில் திரும்பினோம்.

செலவைப் பற்றி: வழிகாட்டிக்கான கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு, பெரும்பங்கு கோச்சுக்கும் தங்குமிடத்துக்கும் போனது. சங்க நிதியிலிருந்து எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் அரைவாசிக் கட்டணம் வழங்கினோம். வழிகாட்டி இல்லாவிட்டால் கோச் டிம்போலாவின் முன் நின்றிருக்காது. எங்கள் பட்டியலில் அந்த வீடு இருக்கவேயில்லை; இலங்கைத் தமிழர் என்று அறிந்ததும் அவர்தான் சேர்த்தார்.

செயற்குழுவின் சார்பில் மூன்று பிரேரணைகளை முன்வைக்கிறேன். ஆண்டுச் சுற்றுலா இனி இரண்டு இரவு தங்குவதாக, உள்ளூர் வழிகாட்டியோடு அமையவேண்டும். அடுத்த பயணம் நோர்தம்பர்லாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு. கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே சாலை திறக்கும் என்பதால் திகதியை முன்கூட்டியே முடிவு செய்தாகவேண்டும். மூன்றாவதாக, மலையகத் தோட்டங்களின் பழைய குடும்பப் படங்கள் எவரிடமாவது இருந்தால், படத்திலுள்ளவர்களின் பெயர்களைப் பின்புறம் எழுதித் தமிழ்ப் பாடசாலையிடம் ஒப்படைக்க வேண்டும். பொகவந்தலாவை அம்மா தமது பெற்றோரின் படத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். தகப்பனாரின் பெயரும் தாயாரின் பெயரும் அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன.

லிண்டிஸ்ஃபார்ன் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் முற்பணம் செலுத்தலாம்.

நன்றி.
செயலாளர்